வெற்றோட்டம்

நாச்சிமுத்து வீட்டு மிக்ஸி காலை ஆறு பத்துக்கு ஓடத் தொடங்கியது. சரியாக ஒன்றே முக்கால் நிமிடம் ஓடி நின்றது. அடுத்த நிமிடமே கனடாவில் இருக்கும் அவர் மகள் சௌமியாவின் கைபேசியில் ‘அப்பா நலம். சட்னி அரைத்துவிட்டார்’ என்று செய்தி விழுந்தது. இதில் யாரும் யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை.

கோயம்புத்தூரில் அப்போது நாற்பதாயிரம் வீடுகளில் இப்படித்தான் பொழுது விடிந்தது. மெயின் பெட்டிக்குப் பக்கத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு புலச்செவி ஒட்டியிருக்கும். மின்சாரம் ஓடும் கம்பியைச் சுற்றி எப்போதும் ஒரு காந்தப் புலம் உண்டு. சுவிட்சைத் தட்டும் நொடியில் அது ஓர் உதறு உதறும். அந்தத் துடிப்பு வீட்டுக் கம்பி முழுக்க ஓடி மெயின் பெட்டிக்கு வந்து சேரும். மிக்ஸிக்குள் கரித்துண்டு உரசிப் பொறி பறப்பதால் அதன் துடிப்பு கரகரப்பாக இருக்கும். பிரிட்ஜ் ஒரே தள்ளாகத் தள்ளும். இண்டக்‌ஷன் அடுப்பு விடாமல் ரீங்காரமிடும். போன் சார்ஜர் கொசு மாதிரி. புலச்செவிக்கு இவை எல்லாம் மனப்பாடம்.

கேமரா வைக்கிறோம் என்று பிள்ளைகள் சொன்னதும் சண்டைக்கு வந்த பெற்றோர், இதற்கு மட்டும் பேசாமல் தலையாட்டினார்கள். மிக்ஸி நம்மைப் பற்றி என்ன பெரிதாகச் சொல்லிவிடப் போகிறது என்று நினைத்திருப்பார்கள்.

இந்தச் செய்திகளை அனுப்பும் ‘அருகிருப்பு’ நிறுவனத்தில் வர்ஷினி துடிப்பு வாசகராக இருந்தாள். முப்பத்திரண்டு வயது, கெட்டிக்காரி, அதை அவளே நாலு பேரிடம் சொல்லவும் செய்வாள். வாசகர் என்றாலும் வாசிப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஓடியதா ஓடவில்லையா என்பதைக் கணினியே பார்த்துக்கொள்ளும். அதற்குப் புரியாத புகார்கள் மட்டும்தான் அவள் மேசைக்கு வரும்.

அந்தப் புதன்கிழமை வந்தது சௌமியாவின் புகார். ‘அப்பா வீட்டு பிரிட்ஜ் முன்னைப்போல அடிக்கடி ஓடுவதில்லை. பழுதா?’

வர்ஷினி அந்த வீட்டின் கச்சா அலையைத் திறந்தாள். கணினி சலித்துத் தராத, கம்பியில் வந்தபடியே இருக்கும் அலை அது. அலுவலகத்தில் அதை யாரும் சீந்துவதில்லை. பிரிட்ஜில் கோளாறு ஒன்றும் தெரியவில்லை. கதவைத் திறந்து மூடினால்தானே உள்ளே வெக்கை புகுந்து, கம்ப்ரசர் எழுந்து ஓடும்? யாரும் திறப்பதில்லை, அவ்வளவுதான். மூடப் போகும்போதுதான் மிக்ஸியின் அலை கண்ணில் பட்டது.

ஜாருக்குள் தேங்காய் இருந்தால் பிளேடு தடுக்கும். மோட்டார் திணறும், கூடுதலாக மின்சாரம் இழுக்கும், புலம் தள்ளாடும். சட்னி மசிய மசிய அலையும் அடங்கி வரும். நாச்சிமுத்துவின் மிக்ஸியோ தொடக்கம் முதல் முடிவு வரை அடிஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல ஓடியிருந்தது. நேற்றும் அப்படி, போன மாதமும் அப்படி. ஜாரில் ஒன்றுமே இல்லை. நிறுவனத்தின் கையேட்டில் இதற்கு வெற்றோட்டம் என்று பெயர். வீட்டை நேரில் பார்த்து உறுதி செய்துவிட்டு, அன்றைக்கே பிள்ளைகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதியும் இருந்தது.

ஊருக்குள்ளேயே, கணபதி பகுதியில் இருந்தது அந்த வீடு. நாச்சிமுத்து சலவைச் சட்டை போட்டு, வெளியே கிளம்பத் தயாராக நின்றார். முப்பத்தொரு வருஷம் டவுன் பஸ் டைம் கீப்பராக இருந்தவர்.

“வாங்க அம்மணி. பிரிட்ஜுக்கு என்னவாம்?”

“ஒண்ணுமில்லீங்க ஐயா. ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன்.”

பிரிட்ஜில் ஒரு தண்ணீர் பாட்டிலும் கண் சொட்டு மருந்தும் இருந்தன. அவள் அதை மூடிவிட்டு, மிக்ஸியைக் கொஞ்சம் போட்டுக் காட்டச் சொன்னாள். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“மணி பதினொண்ணே கால் ஆச்சுங்களே. இப்பப் போட்டா எம்புள்ளைக்குச் செய்தி போயிரும். அங்க நடுச்சாமம். என்னமோ ஏதோன்னு பதறீருவா.”

வர்ஷினி ஜாரைத் திறந்தாள். உள்ளே காய்ந்து கிடந்தது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தது. தேங்காயைக் கண்டு ஒரு வருஷமாவது இருக்கும்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கண்டக்டர்களையும் டிரைவர்களையும் இரண்டு நிமிடத் தாமதத்துக்கு நிற்க வைத்துக் கேள்வி கேட்ட மனிதர், இப்போது அவளுக்கு முன்னால் கையைப் பிசைந்தார். அவளுக்குப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

“எழுதப் போறீங்களா?”

“எழுதோணுமுங்க ஐயா. சமைக்கறதே இல்லீங்களா?”

“மெஸ்ஸுல சாப்பிடறனுங்க. பழைய டிரைவருங்க நாலு பேரு வருவாங்க. பேசிட்டே சாப்பிட்டா ரெண்டு இட்லி சேந்து போகுது. இங்க உக்காந்து நா ஒருத்தன் யாருக்கு அரைக்கறது?”

“அத உங்க பொண்ணுகிட்டச் சொல்லீரலாமில்லீங்க?”

“சொன்னனே. ஏம்ப்பா, சமைக்க முடியலையா, ஒடம்புக்கு என்னன்னு புடிச்சுக்கிட்டா. மேட்டுப்பாளையம் ரோட்டுல ஏதோ பராமரிப்பு இல்லம் இருக்குதாம். படமெல்லாம் அனுப்பிச்சா. நீங்க இன்னைக்கு எழுதுனீங்கன்னா, ஞாயித்துக்கெழமைக்குள்ள இந்த வீட்டப் பூட்டீருவா அம்மணி.”

யாரோ ஒட்டுக்கேட்பதுபோலக் குரலைத் தணித்தார். கேட்கக்கூடியது மெயின் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது, அதற்குப் பேச்சு புரியாது.

“மொதல்ல நானே வேணும்னுதான் மிக்ஸியப் போடாம உட்டேன். போடலீன்னா போன் வரும். ஏம்ப்பா மிக்ஸி ஓடலைன்னு கேப்பா. அந்தச் சாக்குல பத்து நிமிஷம் பேசலாம். மூணு நா நல்லாத்தான் பேசுனா. நாலாம் நாளு இல்லத்தப் பத்தி ஆரம்பிச்சா. அப்பறம் எதுக்கு வம்புன்னு வெறும் ஜாரையே ஓட்டறனுங்க. இப்ப போன் வர்றதில்ல. வீடு இருக்குது.”

வர்ஷினி படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். எழுதாவிட்டால் விதி மீறல். எழுதினால் நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும் மனிதரை ஒரு மிக்ஸிக்காகக் கொண்டுபோய் அடைப்பார்கள். கடைசியில் ‘பிரிட்ஜில் பழுது இல்லை. கதவு நன்றாக மூடுகிறது’ என்று எழுதிக் கையெழுத்திட்டாள். அதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை.

வாசலில் செருப்பை மாட்டும்போது, மனசு கேட்காமல் திரும்பினாள்.

“ஐயா, வெறும் ஜாரா ஓட்டாதீங்க. எங்க தெரைல நேர்கோடா உழுகுது. கொஞ்சம் தண்ணி ஊத்தி, பழைய துணி ஒண்ணப் போட்டு ஓட்டுங்க. தெனமும் ஒரே நேரத்துக்கும் போடாதீங்க. அஞ்சு நிமிஷம் முன்னப் பின்ன இருக்கட்டும்.”

“அஞ்சு நிமிஷம் லேட்டாவா?” என்றார் டைம் கீப்பர். அதற்குத்தான் மிகவும் யோசித்தார்.

பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. ஒரு நல்ல காரியம் செய்த நிறைவு அவளுக்கு. கூடவே அந்த முகம் தெரியாத சௌமியாவின் மேல் எரிச்சலும் வந்தது. பெற்ற அப்பாவோடு பேச மிக்ஸி நின்றுபோக வேண்டுமா? என்ன பிள்ளைகளோ!

காலையிலிருந்து அந்த நேர்கோட்டைப் பார்த்துப் பார்த்துக் கண்ணே பூத்திருந்தது. பாரத்தோடு ஓடும் ஒரு நல்ல அலையைப் பார்த்தால் தேவலை என்று தோன்றியது. அதற்கு வேறு எங்கே போக வேண்டும்? தாராபுரத்தில் தனியாக இருக்கும் அவள் அம்மா ஞாயிறுதோறும் ஒன்பது மணிக்கு கிரைண்டர் போடுவாள். அங்கேயும் அவள் ஒரு புலச்செவி ஒட்டிவைத்திருந்தாள். ‘அம்மா நலம். மாவு அரைக்கிறார்’ என்று செய்தி தவறாமல் வரும். எங்கம்மா இந்த வயசிலும் வீட்டில்தான் மாவாட்டுகிறார் என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறாள். அந்தச் செய்தி வந்துவிட்டால் அந்த வாரம் முழுக்க நிம்மதி. போன் செய்யக்கூடத் தேவைப்படாது.

கைபேசியில் அம்மா வீட்டின் கச்சா அலையைத் திறந்தாள். அரிசி விழுந்ததும் கல் திணற வேண்டும். மாவு இளக இளக அலை தணிய வேண்டும். உளுந்து பொங்கும்போது அது வேறு விதமாக இருக்கும்.

திரையில் நாற்பது நிமிட நேர்கோடு கிடந்தது.

ஏதோ கோளாறு என்று நினைத்து முந்தின ஞாயிற்றைத் திறந்தாள். அதற்கும் முந்தினதைத் திறந்தாள். வாரம் வாரமாகப் பின்னால் போனாள். கோடு கடைசியாக வளைந்தது பதினான்கு மாதங்களுக்கு முன்னால், சித்திரையில். அவள் இரண்டு நாள் லீவு போட்டு ஊருக்குப் போயிருந்த வாரம் அது. அவளுக்காக அரைத்த மாவு.

உடனே அம்மாவைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள் அம்மா.

“என்ன கண்ணு?” குரலில் பதற்றம். “கிரைண்டர் ஞாயித்துக்கெழமையே போட்டனே. உனக்கு வரலையா?”

வர்ஷினிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தால் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்போல இருந்தது. அவள் பேசாமல் இருந்ததை அம்மா வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள்.

“வரலைன்னா கோவிச்சுக்காத சாமி. போனக் கட் பண்ணீராத, அப்படியே இரு. இப்பப் போட்டுர்றேன்.”

போனைத் திண்டில் வைக்கும் சத்தம் கேட்டது. சுவிட்ச் விழுந்தது. அரிசி இல்லாத கிரைண்டரில் கல்லோடு கல் உரசிச் சுழலத் தொடங்கியது.

அவள் காதிலிருந்து எடுத்துப் பார்த்த கைபேசித் திரையில் செய்தி வந்து நின்றது. ‘அம்மா நலம். மாவு அரைக்கிறார்.’