பல் ஆஸ்பத்திரியில் நின்றுபோன காவல்

காலை 9.10. பல் ஆஸ்பத்திரிக் கணினியைத் திறந்த வரவேற்பாளர் அலறிய அலறலில், உள்ளே வாயைத் திறந்து படுத்திருந்தவர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். பதினோரு வருஷத்து எக்ஸ்ரே படங்கள் அத்தனையையும் ஏதோ வைரஸ் பூட்டிப்போட்டிருந்தது.

9.20. கணினிகளைக் கவனித்துக்கொண்ட டெக்னீஷியன் உள்ளே நுழைந்ததுதான் தாமதம், காத்திருந்த ஏழு பேர் எதிரில் டாக்டர் பளாரென்று ஓர் அறை விட்டார். முந்தைய நாள் புது ஸ்கேனருக்கு மென்பொருள் போடுவதற்காக, கணினியோடு கூடவே வரும் வைரஸ் தடுப்பை அவன்தான் நிறுத்தியிருந்தான்.

"மறந்து தொலைச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டியா? வெளியே போ!"

அவன் திரும்பி நடந்தான். நேராகத் தங்கையின் கணினிப் பழுதுக் கடைக்குப் போய் உட்கார்ந்தான். அவளுக்குத் திருகாணி என்று பட்டப்பெயர். ஒன்றைப் பிடித்தால் அடிவரை இறங்காமல் விடமாட்டாள். அண்ணன் கன்னத்தில் பதிந்திருந்த நான்கு விரல்களைப் பார்த்ததும் அவளுக்கு உச்சி கொதித்தது.

"நிறுத்தினதை மறுபடி போட்டியா?"

"போட்டேன். நெட் கேபிளைக் கழட்டிட்டுத்தான் நிறுத்தினேன். பத்தே நிமிஷம். திரும்பப் போட்டு, பச்சை டிக் வந்த அப்புறம்தான் கேபிளை மாட்டினேன். பன்னெண்டு மணிக்கு லீவு சொல்லிட்டு அம்மாவைக் கண் டாக்டர்கிட்டே கூட்டிப் போயிட்டேன்."

"அப்ப வேற எவனோ கை வச்சிருக்கான். அவனையும் விடமாட்டேன், உன்மேல கை வச்ச மனுஷனையும் விடமாட்டேன்."

10.30. ஏதாவது மீளாதா என்ற நப்பாசையில் டாக்டர் அவளை உள்ளே விட்டார். முதலில் வரவேற்பாளர்.

"நேத்து ஏதாவது வித்தியாசமா நடந்துச்சாக்கா?"

"மூணு மணிக்குக் கரண்ட் போச்சும்மா. எல்லாம் அணைஞ்சு திரும்பப் போட்டோம். டாக்டர் நாலு மணிக்குக் கிளம்பினார், நான் நாலரைக்கு. சாவியை மேனேஜர்கிட்டே குடுத்துட்டேன்."

மேனேஜர் டாக்டரின் மச்சினன். பேச்சில் தேன் வழிந்தது.

"பாவம் உங்கண்ணன். பதினொண்ணுக்கு நிறுத்தினது, நான் அஞ்சு மணிக்குப் பூட்டும்போதும் அப்படியேதான் இருந்துச்சு. சிவப்புக் குறி. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

"இடையில அது வரவே இல்லையா?"

"இல்லவே இல்லை."

11.15. மூவரையும் கணினி முன்னால் நிறுத்தினாள் திருகாணி.

"இந்தத் தடுப்பைத் தற்காலிகமா நிறுத்தினா, அது நிறுத்தினபடியே கிடக்காது. நாம மறந்தாலும் கொஞ்ச நேரத்துல தானே முழிச்சுக்கும். கணினியை அணைச்சுப் போட்டாலும் முழிச்சுக்கும். மூணு மணிக்குத்தான் எல்லாம் அணைஞ்சு எழுந்துச்சே! அப்புறமும் அஞ்சு மணிக்குச் சிவப்புன்னா, நடுவுல யாரோ நிறுத்தியிருக்காங்க."

திரையைத் திருப்பினாள். கணினி தானே எழுதிவைத்த பதிவு: காலை 11.04 நிறுத்தம். 11.14 இயக்கம். மாலை 4.52 மறுபடி நிறுத்தம்.

"நாலரைக்கு மேல இங்கே இருந்தது ஒரே ஆள். நீங்க பார்த்தது நிஜம்தான் சார். நிறுத்தினதே நீங்கதானே!"

மச்சினனின் தேன் பேச்சு அங்கேயே வற்றியது. பிறகு சீறினான்.

"ஆமா, நான்தான்! நிறுத்திட்டு, வைரஸ் வந்த மெயிலையும் நானே திறந்துவிட்டேன்! எச்சில் துப்பற கிண்ணத்தைக் கழுவுன்னு ஆறு வருஷமா எல்லார் முன்னாடியும் ஏவினீங்களே அத்தான், வலிச்சுதா? இப்ப வலிக்குதில்ல?"

டாக்டரின் கை மறுபடி உயர்ந்தது.

"கையை இறக்குங்க," என்றாள் திருகாணி. "தடுப்பை நிறுத்தறதுக்கு முன்னாடியே எங்கண்ணன் எல்லாப் படத்தையும் தனி டிஸ்க்ல நகல் எடுத்து, கழட்டி வச்சிருக்கான். எங்கேன்னு அவனுக்குத்தான் தெரியும்."

"காலையிலேயே சொல்லியிருக்கலாமே!"

"நீங்க எங்கே கேட்டீங்க? அறைஞ்சீங்க."

11.40. தங்கை போன் போட்டுக் கூப்பிட, அண்ணன் வாசலில் வந்து நின்றான். பல்வலிக்காரர்கள் ஏழு பேரும் வலியை மறந்து வேடிக்கை பார்த்தார்கள். டாக்டர் அவன் எதிரில் வந்து நின்றார்.

"எல்லார் எதிர்லயும் அடிச்சேன். எல்லார் எதிர்லயும் சொல்றேன், தப்பு என்னுது. மன்னிச்சுடுப்பா."

"உங்க மேஜையோட கீழ் டிராயர். கையுறைப் பெட்டிக்கு அடியில."

ஓடிப்போய் எடுத்துவந்த டாக்டருக்கு உயிர் வந்தது. "நாளைக்கு எப்பவும்போல வந்துடுவேல்ல?"

"வேற ஆளைப் பாருங்க டாக்டர்."

படியிறங்கும்போது தங்கை கேட்டாள், "ஆறிடுச்சா?"

"கன்னமா?"

"மனசு."

"பாதி. அந்தாளு ஆள் தேடி நாலு தெரு அலையட்டும், மீதியும் ஆறிடும்."