பதினேழாம் ஜாடியின் நீலம்

1987ஆம் ஆண்டு செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் காட்சியறைக்குச் சென்றேன். தேர்வுக்குரிய மாதிரிகளைச் சரிபார்ப்பதே நோக்கம். அறை உதவியாளர் மட்டும் உடனிருந்தார். ஃபார்மலின் நெடி கண்ணைக் கரித்தது.

பதினேழாம் ஜாடியில் இருந்தது பாதி முகம். ஆறு ஆண்டுகளுக்கு முன் நானே தயாரித்தது. தமனிகளில் சிவப்பும் சிரைகளில் நீலமுமாகச் சாயமிட்ட ரப்பர் பாலைச் செலுத்தி, அது உறைந்தபின், மூக்கோரம் தவிர மற்ற இடங்களில் தோலை நீக்கியிருந்தேன். தாடையைச் சுற்றி வளைந்து வளைந்து ஏறும் தமனி. அதன் பின்னால் ஏறக்குறைய நேராக இறங்கும் சிரை. நீலம் கண்ணின் உள்மூலையோடு நின்றிருக்கும்.

அன்று நிற்கவில்லை.

"மேடம், இது கண்ணுக்குப் பின்னால போயிருக்கே. திரும்ப ஊசி போட்டீங்களா?"

"உறைஞ்ச ரப்பர் எப்படிப்பா நகரும்? சரியாத் துடைச்சுட்டுப் பாரு."

"தினமும் நான்தானே துடைக்கிறேன். என் மாமியார் மூஞ்சியைவிட இந்த மூஞ்சி எனக்குப் பழக்கம் மேடம்."

நான் சிரிக்கவில்லை. நீலம் எங்கே போகிறது என்பதை நான் அறிவேன்.

ஆறு வாரங்களுக்கு முன், இதே கிழமையில், இதே பாடத்தை நடத்தினேன். வகுப்பு முழுவதும் 'வாயாடி' என்றழைத்த மாணவிக்கு மூக்கோரத்தில் ஒரு கட்டி இருந்தது. அவளை முன்னே நிறுத்தி, நீலப் பென்சிலால் அவள் முகத்தில் சிரையின் வழியை வரைந்தேன். இந்தச் சிரையில் வால்வு இல்லை, ஆகையால் இங்கே அழுத்தினால் நஞ்சு கண்ணின் பின்வழியாக மூளையடிவரை ஏறக்கூடும் என்று விளக்கினேன். விளக்கிக்கொண்டே அழுத்தினேன்.

"வலிக்குது மேடம்."

"பேசும்போது மட்டும் வாய் வலிக்காதோ?"

வகுப்பு சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. இரண்டாம் முறையும் அழுத்தினேன். கட்டி உடைந்தது.

வெள்ளியன்று காய்ச்சல். ஞாயிறன்று கண் பிதுங்கியது. திங்களன்று இறந்தாள்.

வார்டு வாசலில் அவள் தந்தை கேட்டார்: "எப்படி மேடம் இப்படி ஆச்சு?"

"கண்ணாடி முன்னாடி நின்னு அவளே கிள்ளியிருப்பா" என்றேன்.

அவள் தாய் வீட்டிலிருந்த கண்ணாடிகளையெல்லாம் உடைத்துவிட்டார் என்று பின்னர் கேள்விப்பட்டேன். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

உதவியாளர் மூடியைத் திறந்தார். கையுறை அணிந்து முகத்தை வெளியே எடுத்தேன்.

மூக்கோரத்தில் ஒரு வீக்கம் இருந்தது.

அது சூடாக இருந்தது.

என் விரலின் கீழ் அது துடித்தது.

"வலிக்குது மேடம்."

உதவியாளரின் கையிலிருந்து துணி நழுவியது. "பொம்பளப் பிள்ளை குரல் மாதிரி இருந்துச்சே" என்று கிசுகிசுத்தார். "நீங்களா பேசினீங்க?"

"இல்லை" என்றேன். அந்த ஆறு வாரங்களில் நான் சொன்ன முதல் உண்மை அது.

அன்று மாலையே கல்லூரி முதல்வருக்கும் அவள் தந்தைக்கும் நடந்ததை எழுதினேன். மறுநாள் தந்தை வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாயிருக்கும்.

"உங்க பேச்சைக் கேட்டு, செத்துப்போன பிள்ளையைத் திட்டிட்டோமே மேடம்" என்றார்.

விசாரணைக் குழு முடிவு செய்தது இது: நான் இனிக் கற்பிக்கலாகாது. அந்த மாதிரியைத் தகனம் செய்ய வேண்டும். காலி ஜாடியை நான் கழுவி முத்திரையிட்டு ஒப்படைக்க வேண்டும். மூன்றையும் ஏற்றேன்.

ஜாடியை மட்டும் இன்னும் ஒப்படைக்க முடியவில்லை. ஒவ்வொரு நாளும் கழுவித் துடைத்து முத்திரையிடுகிறேன். மறுநாள் முத்திரை அப்படியே இருக்கிறது. கண்ணாடியின் உட்புறத்தில், முன்பு அந்த முகத்தின் மூக்கு இருந்த உயரத்தில், ஒரு சுட்டுவிரல் ரேகை நீலமாகப் பதிந்திருக்கிறது.

அது என்னுடையது.