உள்ளங்கைச் சாவி

கருகிய வைக்கோல் வாசனை அடுப்படிக்குள் வந்தது. ஐப்பசி அடைமழையில், வயலெல்லாம் தண்ணீர் நிற்கும்போது, யார் வைக்கோல் எரிக்கப் போகிறார்கள்? உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்த அம்சத்தின் கை அப்படியே நின்றது.

சிறு வயதிலிருந்தே, வலிப்புக்கு முன்னால் அவளுக்கு மட்டும் வரும் வாசனை அது. எந்த மாத்திரைக்கும் மசியாத வலிப்பு. அதற்குப் பயந்துதான் அவள் புருஷன், கல்யாணமான வருஷமே திருவிடைமருதூர் பஸ் ஸ்டாண்டில் அவளை விட்டுவிட்டுப் போனான். பிறவியிலேயே கோணலாக வளர்ந்த மூளைத் துணுக்கு ஒன்றுதான் காரணம் என்று ஸ்கேனில் கண்டுபிடித்து, மண்டையைத் திறந்து அதை எடுத்துவிட்டார்கள். தையல் ஆறி, முடி வளர்ந்து, இப்போதுதான் பயமில்லாமல் குளத்தில் இறங்கிக் குளிக்கிறாள்.

பாழாய்ப்போன வலிப்பு திரும்பிவிட்டதா? அடுப்பை அணைத்துவிட்டு, பழக்கப்படி சுவரோரம் ஒருக்களித்துப் படுத்தாள்.

இரும்பு பட்டால் வலிப்பு அடங்கும் என்று, அம்மா காத்தாயி வீட்டுச் சாவியை அவள் கையில் திணிப்பாள். மிராசுதாரரோடு விவசாயக் கூலிகள் சங்கம் வழக்காடி வாங்கிக்கொடுத்த வீட்டு மனை இது. திணித்துவிட்டு, இரண்டு கையாலும் மூடிப் பிடிப்பாள். அறுவடையில் அரிவாள் பட்டு ஒரு விரல் போனவள் அம்மா, ஒன்பது விரல்தான். அம்மா செத்த பிறகும், மயக்கம் தெளியும்போதெல்லாம் சாவி கைக்குள் இருந்தது. பக்கத்து வீட்டுப் பூவம்மாளின் வேலை என்று நினைத்து, இன்று காலைதான் நன்றி சொல்லப் போயிருந்தாள்.

"நானா? நீதான் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருப்பியேடி. நான் எப்படி வருவேன்?" என்றாள் பூவம்மாள்.

தாழ்ப்பாள் இப்போதும் போட்டபடியே இருந்தது. ஓட்டில் மழை கொட்டியது. வாசனை மூக்கருகே வந்துவிட்டது. கைகால் வெட்டி இழுக்கவில்லை. நினைவு தப்பவில்லை. வந்துவிடேன், வலிப்பே, வந்துவிடேன் என்று முதல்முறையாகக் கெஞ்சினாள்.

ஆணியில் தொங்கிய சாவி சுவரில் உரசியது. காலடி. ஈரக் காலடி.

கண்களை இறுக மூடிக்கொண்டாள். சில்லென்ற இரும்பு உள்ளங்கையில் இறங்கியது.

"அம்மா?"

இரண்டு கைகள் அவள் கையை மூடி அழுத்தின. வைக்கோல் வாசனை அந்தக் கைகளில்தான் இருந்தது. அம்மாதான். அம்மாவாகத்தான் இருக்க வேண்டும். அம்மா போன பிறகு ஆஸ்பத்திரிக்காரர்களைத் தவிர அவளைத் தொட்டவர் எவருமில்லை. அழுகை முட்டியது. கண்ணைத் திறக்காமல், மறு கையால் அந்த விரல்களைத் தடவிப் பார்த்தாள்.

பத்து விரலும் இருந்தன.