லித்தியத்தைச் சுற்றி நாலு திராட்சை

உடைத்தது நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

தேனி பஸ் நிலையத்தில் கம்பம் பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டையோ பையையோ சீட்டில் போட்டுவிட வேண்டும். போட்டுவிட்டால் சீட்டு நம்முடையது, ஆற அமர ஏறலாம். அன்று மழை. நான் வீசியது ஒரு கனமான ரெக்சின் பை. உத்தமபாளையத்தில் கொடுக்க வேண்டிய பதினோரு செல்போன்கள் அதில் இருந்தன. உள்ளே போய் விழுந்ததும் நொறுக்கென்று ஒரு சத்தம்... செல்போன் போச்சு என்று பதறிக்கொண்டு ஏறினேன்.

செல்போனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சீட்டில் எனக்கு முன்பே ஒரு செருப்புப் பெட்டி இடம் பிடித்திருந்தது. என் பை அதன்மேல் உட்கார்ந்திருந்தது. பெட்டிக்காரி பக்கத்தில் நின்றாள். இமையில் ஒரு துளி. மழையா, அழுகையா... எனக்குப் பிடிபடவில்லை. அவ்வளவு பெரிய கண்ணை அவ்வளவு பக்கத்தில் பார்த்தால் எதுதான் பிடிபடும்?

பெட்டிக்குள் தெர்மாகோல் உருண்டைகள் தூளாகிக் கிடந்தன. மிஞ்சியது நாலு ஈர்க்குச்சி.

"இது என்னங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"லித்தியமா இருந்துச்சு," என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தேனி பஜாரில், அப்பாவின் பாத்திரக்கடை மாடிப்படிக்குக் கீழே செல்போன் ரிப்பேர் செய்கிறவன் நான், ஞானதுரை. ஒவ்வொரு பேட்டரியின் முதுகிலும் அந்தப் பெயரை தினமும் படிக்கிறேன். உள்ளே அப்படி ஒருத்தன் குடியிருப்பது இரண்டாயிரத்து ஏழாம் வருடம், அந்த பஸ்ஸில்தான் எனக்குத் தெரிந்தது.

வேறு வழியில்லாமல் இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். வீரபாண்டி தாண்டும்வரை அவள் பெட்டிக்குள் தூளைக் கிளறிக்கொண்டே வந்தாள். நான் நான்கு தடவை மன்னிப்புக் கேட்ட பிறகு கொஞ்சம் இரங்கினாள். பெயர் ஞானசெல்வி. காரைக்குடி லேபில், பேட்டரிக்குள் இருக்கிற திரவத்தைப் பற்றி ஆராய்ச்சி. ராயப்பன்பட்டியில் தான் படித்த பள்ளிக்கூடத்து அறிவியல் கண்காட்சிக்காகச் செய்த உருவம் அது. அந்தத் திரவத்துக்குள் லித்தியம் தனியாகவே போகாதாம். பொடியன்தான், ஆனால் அவ்வளவு ஈர்ப்பு. திரவத்தின் மூலக்கூறுகள் சாதாரணமாக நாலு பேர் வந்து, ஆக்சிஜன் இருக்கிற முகத்தை அவன் பக்கம் திருப்பிக்கொண்டு சூழ்ந்து நிற்பார்களாம். அவன் நகர்ந்தால் கூடவே நகர்வார்களாம்.

எங்கள் வீட்டுப் பெண்களை ஜவுளிக்கடைக்குக் கூட்டிப்போகிற மாதிரியா என்று கேட்டேன். உதட்டை இறுக்கிக்கொண்டாள். கண் மட்டும் ஏமாற்றிச் சிரித்துவிட்டது...

சின்னமனூரில் ஜன்னலோரம் பன்னீர் திராட்சை வந்தது. ஒரு கொத்து வாங்கினேன். நாலு கறுப்புப் பழம், கொத்தில் பழுக்காமல் நின்ற ஒரு குட்டிப் பச்சைக் காய். காயை நடுவில் வைத்து, ஈர்க்குச்சியால் நாலு பக்கமும் கூட்டல் குறி மாதிரி குத்தினேன். அவள் பிடுங்கிக்கொண்டாள். தட்டையாக இருக்கக் கூடாதாம். கீழே மூன்று, மேலே ஒன்று. காம்பு இருந்த முனை எல்லாம் உள்ளே பார்க்க வேண்டுமாம், அதுதான் ஆக்சிஜனாம். குலுங்குகிற பஸ்ஸில் அவள் விரல்கள் குத்திய அழகைப் பார்த்தபடி மிச்சக் கொத்தை நானே தின்று தீர்த்தேன்.

உத்தமபாளையத்தில் பஸ் மாற வேண்டும். திராட்சையை யார் தூக்குவது? பதினோரு செல்போன்காரர்களும் என்னை மன்னிக்கட்டும்... நானும் ராயப்பன்பட்டி பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

கண்காட்சியில் திராட்சைக்குத்தான் கூட்டம். நானும் பிள்ளைகளுக்கு நடுவே நின்று கேட்டேன், லித்தியம் அந்த நாலு பேரையும் விட்டு வரவே வராதா என்று. வரும் என்றாள். பேட்டரியின் எதிர்முனையில் இருக்கிற கரியின் இடுக்கு ரொம்பக் குறுகல். ஒவ்வொருவராக உதறிவிட்டுத் தனியாக நுழைய வேண்டும். அதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை.

"எவ்வளவு நேரமாகும்?"

"அது சிலதைப் பொறுத்தது," என்று என்னையே பார்த்தாள்.

எதைப் பொறுத்தது என்று கேட்டேன். அதுவும் சிலதைப் பொறுத்தது என்றாள். லித்தியத்துக்குச் சொல்கிறாளா, எனக்கா?

அதற்குள் அவளுடைய அப்பா, பெரியப்பா, தாய்மாமா, அண்ணன் நால்வரும் வந்து, அவளைப் பார்த்தபடி சுற்றி நின்றுகொண்டார்கள். அவள் நகர்ந்தால் நகர்ந்தார்கள். மாமா என் பக்கம் திரும்பினார்.

"தம்பி என்ன பண்றீக?"

"பேட்டரியிலதான்..." என்றேன்.

ஆராய்ச்சியா என்றார். தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. அவர்கள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள். உடனே எனக்கு நாற்காலி, காபி, வடை. ஐ.டி.ஐ. படித்தவன் அந்த வடையைக் கடிக்காமல் தட்டிலேயே வைத்தேன். ஞானசெல்வி ஒரு பார்வை பார்த்தாள். கோபமா, சிரிப்பா, இரக்கமா... எதுவானாலும் தாங்காது என்று சொல்லிக்கொள்ளாமல் ஓடிவந்துவிட்டேன்.

பிறகு மூன்று வாரத்தில் காரைக்குடி நம்பரிலிருந்து மூன்று மிஸ்டு கால். பஸ்ஸில் நான் கொடுத்த கடை கார்டு அவளிடம் இருந்தது. திருப்பிக் கூப்பிடவில்லை. பொய் சொன்ன வாயால் என்ன பேசுவது? அதைவிட, படித்தவள் முன்னால் இன்னொரு தடவை சின்னவனாக நிற்க மனம் ஒப்பவில்லை. ரோஷம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். நிஜத்தில் பயம்.

ஒரு மழை மத்தியானம், சொட்டச் சொட்டக் குடையோடு கடை வாசலில் நின்றாள். செல்போனை நீட்டி, சார்ஜ் நிற்கவில்லை என்றாள். நான் குனிந்தபடி பேட்டரியைக் கழற்றினேன், மீட்டரில் பார்த்தேன், இன்னொரு தடவை பார்த்தேன்.

"பேட்டரி நல்லாத்தான் இருக்கு."

"தெரியும்," என்றாள். "மாமா கேட்டாக, காரைக்குடியில எந்த லேபுன்னு. பாத்திரக்கடை மாடிப்படிக்குக் கீழன்னு சொன்னேன்."

மீட்டரைக் கீழே வைத்தேன். மாமா என்ன சொன்னார் என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

"சிரிச்சாக. அப்பா சிரிக்கல. ரெண்டு நாள் பேசல. அப்புறம் பேசுனாக."

அப்போதும் நான் லித்தியப் பேச்சையே பிடித்துக்கொண்டு ஏதோ சுற்றி வளைத்தேன். அதை விடுங்க என்றாள். விட்டேன். வேறு ஒன்றும் கையில் இல்லை.

"பொய் சொல்லிட்டு ஓடுனவன். இந்தப் படிக்குக் கீழதான் இருப்பேன்... என்னைப் பிடிச்சிருக்கா? பொறுத்ததுன்னு மட்டும் சொல்லிராதீக."

நான் வாசலுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். அப்பா, பெரியப்பா, மாமா, அண்ணன்... ஒருவரும் இல்லை. மழை மட்டும்.

"தனியாவா வந்தீக?"

"நாலு பேருகிட்டயும் சொல்லிட்டுத்தான் வந்தேன்," என்றாள். குடையை மடக்கினாள். தலையைக் குனிந்து, அந்தக் குறுகலான மாடிப்படி இடுக்குக்குள் ஒருவழியாக நுழைந்தாள்.

"பிடிச்சிருக்கு."