பொன்மலை இருட்டு

பாட்டின் ஐந்தாவது நிமிஷத்தில், கிட்டார் படிப்படியாக மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது, கரண்ட் போய்விடும். அது போகப்போகிறது என்று அறையிலிருந்த ஆறு பேருக்கும் தெரியும். தெரிந்தும் ஆறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

வெளியே ஞாயிற்றுக்கிழமை நாலு மணி வெயில் அடித்துக்கொண்டிருந்தது. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பொன்மலையில் கரண்ட் போவதெல்லாம் பழைய கதையாகிப் பல வருஷமாகிறது. ஆனாலும் காதுக்குப் பின்னால் கேள்வளை மாட்டியிருந்த ஆறு பேருக்கும் ஒரே நேரத்தில் இருட்டியது. இருட்டில் ஒரு பெண் சிரித்தாள். ஆறு கிழட்டு முகங்களும் மலர்ந்தன. அதன்பின் அரை நிமிஷத்துக்குப் பாட்டில்லை, பேச்சில்லை. ஒரு பையனின் நெஞ்சு அடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது.

அந்தப் பையன் இன்னாசி. இப்போது அறுபத்தைந்து வயது. அறையில் வளை மாட்டாமல் உட்கார்ந்திருந்தவர் அவர் ஒருவர்தான். தன் படிவைக் கொடுப்பவர் தான் கேட்கக் கூடாது, கேட்பவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது அந்தப் பாட்டு வட்டத்தின் சட்டம்.

செவிப்படிவு வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன்பெல்லாம் ராக், ப்ளூஸ் பைத்தியங்கள் ஒன்றுகூடினால் பேசிப் பேசியே மாய்வார்கள். "அந்தப் பாட்டை முதல்ல கேட்டப்போ எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?" என்று ஆரம்பிப்பார்கள். யாருக்கும் தெரியாது. கேள்வளை அந்தக் கேள்வியை ஒழித்துவிட்டது. பாட்டு ஓடும்போது மூளையில் எழும் பழைய நினைவை வளை அப்படியே படியெடுத்துக்கொள்ளும். அதை மாட்டிக்கொள்கிற எவருக்கும் பாட்டோடு சேர்த்து அந்த அறை, அந்த வியர்வை, அந்த வயசு எல்லாம் கிடைக்கும்.

இன்னாசியின் படிவில் ரயில்வே காலனி ஓரத்துப் பழைய வீட்டின் இதே அறை இருந்தது. அவர் கதவோரம் நிற்கிறார். வலது செருப்பின் வார் அறுந்து, ஊக்கு குத்தியிருக்கிறது. அது யார் கண்ணிலும் படாமல் இருக்க இடது பாதத்தால் மறைத்துக்கொண்டிருக்கிறார். எதிரே ஜன்னலில் மங்கிய வெளிச்சம். அதில் ஒரு பெண்ணின் நிழலுருவம். முகம் தெரியாது.

உலகம் முழுக்கப் பதினோரு லட்சம் பேர் அதைக் கேட்டிருந்தார்கள். 'பொன்மலை இருட்டு' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. நார்வேயிலிருந்து ஒருவர், இப்போதெல்லாம் அந்த ஏழு நிமிஷப் பாட்டை முழுதாகக் கேட்டால் எங்கோ தப்பாகப்படுகிறது, கரண்ட் போனால்தான் திருப்தியாக இருக்கிறது என்று எழுதியிருந்தார்.

குணசீலன் வளையைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்னமோ சொல்லு இன்னாசி, இந்தப் பாட்டை மொதமொதல்ல கேட்டது இன்னும் அப்படியே நெஞ்சுல இருக்கு."

"நீ எங்கடா கேட்ட?"

"இங்கதான். அந்தக் கதவோரமா."

"நீ அப்ப சேலத்துல பாலிடெக்னிக் படிச்சிட்டிருந்த. பஸ்ல கேட்டேன்னு நீயே நூறு வாட்டி சொல்லியிருக்க."

குணசீலன் கொஞ்சம் யோசித்தார். "பஸ்ஸா? சேச்சே. எனக்கு செருப்பு வார் அறுந்தது கூட ஞாபகம் இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். இன்னாசியும்தான். வளை வந்த பெட்டியின் அடிப்பக்கத்தில், ஒரே படிவைத் திரும்பத் திரும்பக் கேட்டால் சொந்த நினைவு மங்கலாம் என்று பொடி எழுத்தில் போட்டிருந்ததை அவர் என்றோ படித்திருந்தார். பொடி எழுத்தை யார் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்.

அந்த இருட்டு விழுந்தது 2012-ல். தினமும் இத்தனை மணிக்கு இத்தனை மணி நேரம் என்று முறை வைத்துக் கரண்ட்டைப் பிடுங்கிய வருஷம். ஓய்வுபெற்ற எஞ்சின் டிரைவர் ரிச்சர்டின் வீட்டில் இசைத்தட்டுக் கருவி ஒன்று இருந்தது. கேட்க வருகிறவர்களுக்கு அவர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. தட்டை முதலிலிருந்துதான் போடுவார், நடுவில் ஊசியை வைக்க மாட்டார். அன்று ஏழு மணிக்குக் கரண்ட் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். கடைசிப் பாட்டுக்குத்தான் எல்லோரும் வந்திருந்தார்கள். அது தொடங்கும்போது மணி ஆறு ஐம்பத்தைந்து. யாராவது ஊசியைக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கலாம். அப்படிச் செய்ய அந்த வீட்டில் ஒருவருக்கும் மனசு வரவில்லை.

ஜன்னலோரம் இருந்தவள் தில்ஷாத். அண்ணனோடு நாலு ஞாயிறு வந்தாள். கரண்ட் போனதும் சிரித்தாள். பிறகு, பாட்டு நின்ற இடத்திலிருந்து மீதியை இருட்டிலேயே வாயால் வாசித்தாள். அவள் முடித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். தட்டும்போதுதான் இன்னாசிக்கு உறைத்தது, தான் அதில் ஒரு துளிகூடக் கேட்கவில்லை என்று. காதுக்குள் தன் நெஞ்சு போட்ட சத்தம் மட்டும்தான் இருந்தது. அடுத்த வாரம் கேட்டுவிடலாம் என்றிருந்தான். அடுத்த வாரம் அவள் அப்பாவுக்குக் கரக்பூர் ரயில் பணிமனைக்கு மாற்றல் வந்துவிட்டது.

பிறகு வேலை, கல்யாணம், ஒரு மகள், ஒன்பது வருஷத்துக்கு முன் மனைவியின் மரணம் என்று வாழ்க்கை நிறையவே நடந்தது. அது குறையான வாழ்க்கையும் இல்லை. ஆனால் அதன் அடியில் இரண்டு கேள்விகள் கிடந்தன. அவள் ஏன் சிரித்தாள்? அந்த அரை நிமிஷத்தில் என்ன வாசித்தாள்? அன்று அங்கே இருந்த மற்றவர்கள் யாரும் இப்போது இல்லை. படிவை அவர் உலகத்துக்குக் கொடுத்ததே என்றாவது அது அவள் காதில் விழாதா என்றுதான்.

அது விழுந்தது. ஆடி மாதத்தில் ஒரு கடிதம் வந்தது. 'அந்தச் சிரிப்பு என்னுடையதுதான் என்று என் மருமகள் சொல்கிறாள். உங்களை ஒருமுறை பார்க்க வேண்டும். தில்ஷாத்.'

"மண்டைக்குச் சாயம் அடிச்சுக்கடா," என்றார் குணசீலன்.

"போடா."

"செருப்பாவது புதுசா வாங்கு. பதினோரு லட்சம் பேருக்கு உன் செருப்பைத் தெரியும்."

இன்னாசி செருப்பு வாங்கினார்.

அடுத்த ஞாயிறு, மெலிந்த உடலும் வெள்ளி முடியுமாய் தில்ஷாத் வந்தார். வட்டத்தார் வழிவிட்டு அவரை ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அறுபத்து மூன்று வயதுக்கு அவர் நடை வேகமாகத்தான் இருந்தது. டீ வந்தது. குணசீலன் இரண்டு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு, காது இங்கே இருக்க, கண்ணை மட்டும் வேறெங்கோ வைத்துக்கொண்டார்.

"நீங்கதானா அது," என்றார் தில்ஷாத்.

"நான்தாங்க."

"வீட்டுக்காரர் போன வருஷம் தவறிட்டாங்க. தூக்கம் வராது. அப்பதான் மருமக இதைப் போட்டுவிட்டா. ஒரு இருநூறு தடவ கேட்டிருப்பேன். ரொம்ப ஆறுதலா இருந்துச்சு."

இன்னாசி டம்ளரைக் கீழே வைத்தார். நாற்பத்தாறு வருஷமாகத் தயாராக இருந்த கேள்வி மட்டும் நாக்கு நுனியில் நின்றது. நேராக அதையே கேட்டார்.

"அன்னிக்கு உங்களுக்கு எப்படி இருந்துச்சு? உங்க பக்கத்துலேருந்து?"

தில்ஷாத் கண்ணை மூடிக்கொண்டார். "நல்ல புழுக்கம். நான் கதவோரமா நின்னுட்டிருந்தேன். வலது செருப்புல ஊக்கு குத்தியிருந்தேன், யாரும் பாத்துடப் போறாங்களேன்னு இந்தக் காலால மறைச்சுக்கிட்டு..."

குணசீலனின் கையில் பிஸ்கட் பாதியில் நின்றது.

"அது என் செருப்புங்க," என்றார் இன்னாசி மெதுவாக.

தில்ஷாத் கண்ணைத் திறந்தார். திடுக்கிட்டதாகத் தெரியவில்லை. தெரிந்த ஒன்றைப் பிறர் வாயால் கேட்டவர் போலத் தலையசைத்தார்.

"மொதல்ல என்னோடதும் இருந்துச்சு. நெனப்பு இருக்கு, இருந்துச்சுன்னு. இப்ப தேடிப் பாத்தா, ஜன்னல்ல ஒரு பொண்ணு உக்காந்திருக்கா. எல்லாரும் அது நான்தாங்கறாங்க. எனக்கு அவ முகம்கூடத் தெரியல."

"அப்ப ஏன் சிரிச்சீங்கன்னு..."

"அதைக் கேக்கத்தான் நான் உங்ககிட்ட வந்தேன்."

மின்விசிறி சுற்றியது. தன்னிடமிருந்த ஒரு சின்ன இருட்டை ஆசை ஆசையாக உலகத்துக்குப் பங்கு வைத்திருந்தார் இன்னாசி. அது பதினோரு லட்சம் பேரைத் தாண்டி, கடைசியில் போய்ச் சேர வேண்டியவளிடமே போய்ச் சேர்ந்து, அவளை அவளுக்குள்ளிருந்தே எடுத்துக் கதவோரம் நிறுத்திவிட்டது. மன்னிப்புக் கேட்க வேண்டும்போல் இருந்தது. எதற்கென்று சொல்லிக் கேட்பது?

"தட்டு இருக்கா?" என்றார் தில்ஷாத்.

ரிச்சர்டின் தட்டு வட்டத்தாரிடம்தான் இருந்தது. குணசீலன் எழுந்துபோய் முதல் பாட்டிலிருந்து போட்டார். யாரும் வளை மாட்டவில்லை. இருபது நிமிஷம் கழித்துக் கடைசிப் பாட்டு வந்தது. ஐந்தாவது நிமிஷத்தில் கிட்டார் ஏறத் தொடங்கியபோது தில்ஷாத் கையை நீட்டிக் கருவியின் சுவிட்சை அணைத்தார்.

பாட்டு நின்றது, வெளிச்சம் மட்டும் போகவில்லை. பழக்கத்தில் எல்லோரும் சிரிப்புக்காகக் காத்திருந்தார்கள். சிரிப்பு வரவில்லை. தில்ஷாத்தின் விரல்கள் மட்டும் நாற்காலிக் கையில் தட்ட ஆரம்பித்தன. பிறகு உதடுகள்.

கிட்டார் விட்ட இடத்திலிருந்துதான் அது தொடங்கியது. ஆனால் பாட்டில் உள்ள மீதி அது இல்லை. இரண்டு படி மேலே போய், அங்கிருந்து வழி தெரியாமல் சற்றுத் திகைத்து, ரயில் பெட்டிகளைக் கோக்கும்போது ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் அதிர்வைப் பிடித்துக்கொண்டு இறங்கியது. பாட்டின் முடிவை அதுவரை கேட்டேயிராத, ரயில் பணிமனைப் பக்கத்தில் வளர்ந்த ஒரு பதினேழு வயதுப் பெண்தான் அப்படி முடித்திருக்க முடியும்.

"இது எங்கேருந்து வருது?" என்றார் தில்ஷாத், தன் விரல்களையே பார்த்தபடி.

இன்னாசிக்குத் தெரிந்தது. அவருடைய படிவில் அந்த அரை நிமிஷத்தில் எதுவுமே இல்லை. அவர் கேட்கத் தவறியதை அவரால் யாருக்கும் கொடுக்க முடியவில்லை. அதனால் அதை மட்டும் தில்ஷாத்திடமிருந்து யாராலும் எடுக்க முடியவில்லை.

"அது உங்களோடதுங்க," என்றார். "அது மட்டும் முழுக்க உங்களோடது."

அதைப் படியெடுக்க ஆறு பேரில் நாலு பேரின் கை வளையைத் தேடிப் போயிருந்தது. இன்னாசியின் கையும்தான். அவர் தன் வளையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். எழுந்துபோய் அலமாரியில் வைத்துச் சாத்தினார். மற்றவர்களும் கையை இறக்கிக்கொண்டார்கள். குணசீலனுக்குத்தான் கொஞ்சம் மனத்தாங்கல்.

"இன்னொரு தடவ வாசிக்கிறீங்களா?" என்றார் இன்னாசி. அலமாரியிலிருந்து திரும்பியவர் உட்காரவில்லை, கதவோரமே நின்றுவிட்டார்.

"ஏன், இப்பதானே கேட்டீங்க?"

"பாதிதாங்க கேட்டேன்." அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "இது மறுபடியும் சத்தம் போட ஆரம்பிச்சுடுச்சு."

தில்ஷாத் அவரை ஏற இறங்கப் பார்த்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மனிதரை, புதுச் செருப்பை, அதையும் பழக்கத்தில் மறைத்துக்கொண்டிருக்கும் இடது பாதத்தை. பார்த்துவிட்டுச் சிரித்தார்.

பதினோரு லட்சம் பேருக்குத் தெரிந்த சிரிப்பு.

"இப்ப ஏன் சிரிக்கிறீங்க?" என்று கேட்டார் இன்னாசி.

"உங்களுக்கு அங்கேருந்து தெரியாது," என்றார் தில்ஷாத். "இங்கே ஜன்னல்லேருந்து பாத்தாத்தான் தெரியும்."