தொட்டில் கட்டையில் குளவி

புழு சாகவில்லை. மலர்விழிக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

பல வருடம் கழித்து அக்கா மலர்விழிக்குப் பிள்ளை தங்கியிருக்கிறதென்று கேட்டதும், அந்தமானில் வேலை பார்க்கும் தம்பி கார்முகில் அங்கத்திய காட்டுமரத்தில் ஒரு தொட்டில் கட்டை செதுக்கிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். பிறக்கும் முன் தொட்டில் கட்டக் கூடாதென்று அது அனல்மின்நிலையக் குவார்ட்டர்ஸ் ஜன்னலில் சும்மா கிடந்தது. போன வாரம் அதன் ஓட்டையிலிருந்து பச்சைப் பளபளப்பாக வந்த குளவியொன்று, பகலில் கண்ணயர்ந்தவளைத் தொப்புளருகே கொட்டிவிட்டுப் பறந்தது. இப்போது கட்டையின் அடியில் அரிசி அரிசியாக வெள்ளைக் கூடுகள். அவற்றின் மேல் கவிழ்ந்தபடி, வெறும் தோலாய் வற்றிப்போன ஒரு புழு. துடைப்பத்தை நீட்டினாள். புழு தலையைத் தூக்கி இப்படியும் அப்படியும் வீசியது.

"கலைச்சிடாத மலரு," என்றார் மாமியார் கஸ்தூரியம்மாள். "குளவி கூடு கட்டுனா புள்ள நல்லபடியா பொறக்கும். தானா வந்த அதிர்ஷ்டம்."

ஊர் வாயில் விழுந்து எழுந்த வயிறு. அவளுக்கும் நம்பத்தான் ஆசை. துடைப்பத்தை மூலையில் வைத்தாள்.

மாமியார் கோயிலுக்குக் கிளம்பிப் போன சாயங்காலம், கரிப்புகை நெடி ஜன்னல் வழியே கசிந்து வர, மின்நிலையத்தின் ஓயாத இரைச்சலுக்கு அடியில் இன்னொரு மெல்லிய ரீங்காரம் கேட்டது. ஃபேனை நிறுத்தினாள். ரீங்காரம் நிற்கவில்லை. ஜன்னலைச் சாத்தினாள். இன்னும் கிட்டத்தில் கேட்டது. வயிற்றில் கை வைத்தாள். பிள்ளை அசைகிறது என்று ஒரு கணம் பூரித்துப்போனாள்.

அது உதை இல்லை. ஊர்வது.

தம்பிக்குப் போன் போட்டு, கட்டையிலிருந்து வந்த குளவியைப் பற்றிக் கேட்டாள்.

"அந்தக் குளவி புழு ஒடம்புக்குள்ளதான்க்கா முட்டை வைக்கும்," என்றான். "குஞ்சுங்க தின்னுட்டு வெளிய வந்தாலும் புழு சாவாது. அதுங்களுக்கே காவல் காத்துகினு கெடக்கும். ஏன் கேக்கற?"

காப்பாற்று என்று கத்தத்தான் வாயைத் திறந்தாள்.

"ஒண்ணுமில்ல," என்றது வாய்.

ஷிப்ட் முடிந்து வந்த கணவன் நெடுமாறன் விளக்கைப் போட்டான். தரையில் வயிற்றின் மேல் கவிழ்ந்திருந்தாள்.

"என்னா மலரு? ஆஸ்பத்திரிக்குப் போலாமா?"

போகலாம். இப்பவே. என் பிள்ளை. நாக்கு அசையவில்லை. முந்தானை விலகிய இடத்தில், தோலின் மேல், அரிசி அரிசியாக வெள்ளை.

அவன் கை நீண்டது.

அழுதுகொண்டே இருந்தாள். அவள் தலை தானாக நிமிர்ந்தது. இப்படி ஒரு வீச்சு. அப்படி ஒரு வீச்சு.