கல்லறை வாசலில் கிழிந்த பறை

மாடிப்படியில் முதலில் ஒரு கறுப்பு அங்கி ஏறி வந்தது. அதற்குள் ஹேமந்த் இருக்கிறார் என்பது நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. மைசூரில் ஏப்ரல் மாத முற்பகல். எதிரே இளநீர் வெட்டுகிறவன் பனியனோடு நின்றான். இவர் கழுத்திலிருந்து கணுக்கால்வரை வெல்வெட். முகத்தில் வெள்ளைப் பவுடர், புதுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்ததுபோல் சீராக. மணிக்கட்டில் ஆணி பதித்த தோல் பட்டை. அதை மேஜைமேல் வைத்ததும் அடியில் ஈரம் வட்டமாகப் பரவியது.

"கல்லறை வாசல்," என்றார், அடித்தொண்டையில்.

"தகனக் கமிட்டியா?" என்று கேட்டார் குப்புசாமி.

இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துச் சலித்து, அக்ரஹாரத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்தவள் நிர்மலா. குப்புசாமி அவள் மாமா. ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். கட்சிக்காரர் பேச்சை முடிப்பதற்குள் குற்றவாளியைச் சொல்லிவிடுவார். இதுவரை ஒருமுறைகூடச் சரியாக இருந்ததில்லை.

"இசைக்குழு," என்றார் ஹேமந்த், வேதனையோடு. "பதினைந்து வருடமாக மரணத்தைப் பாடுகிறோம். இந்த ஊருக்கு அது புரியவில்லை. கல்யாணத்தில் வாசிக்கக் கூப்பிடுகிறார்கள்."

"அங்கி நனைஞ்சிருக்கே," என்றாள் நிர்மலா.

"வேர்வை. வேறு அங்கி இல்லை. இது இல்லாமல் நான் வெளியே வருவதும் இல்லை."

அவர் சொன்ன சங்கதி இது. பழைய ஒலி சலித்துப்போய், குழுவில் புதிதாக இரண்டு பேரைச் சேர்த்தார். கீபோர்டுக்கு சோனியா. பறைக்கு, கௌதள்ளி கிராமத்திலிருந்து மைசூருக்குக் கட்டட வேலைக்கு வந்த மாரிசாமி. பழைய ஆளில் கிடார் வாசிக்கும் கிரண் மட்டும் மிச்சம். புது ஒலியைக் கேட்க பம்பாயிலிருந்து கேசட் கம்பெனிக்காரர் இன்று மாலை வருகிறார். காலையில் பார்த்தால் பறையின் தோல் குறுக்கே கிழிந்திருக்கிறது.

"முந்நூறு பிணங்களைப் பார்த்த பறை அது," என்றார் ஹேமந்த். "போஸ்டரிலேயே போட்டிருக்கிறோம். நான் தொடக்கூட இல்லை. பார்த்தேன், பூட்டினேன், நேராக இங்கே வந்தேன். மாரிசாமியின் வேலைதான். கடைசி நேரத்தில் கூலியை ஏற்றிக் கேட்டு என் கழுத்தில் துண்டு போடப் பார்க்கிறான். நீங்கள் வந்து அப்படியே சொல்லிவிட்டால் போலீசில் கொடுத்துவிடுவேன்."

"மாரிசாமிதான்," என்றார் குப்புசாமி.

நிர்மலா தோல் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னிக்கு ஏதாவது சாவு வீட்டுக்குப் போனீங்களா?"

"சாவுதான் என் வீடு."

"அது பாட்டு. நான் கேட்டது விலாசம்."

"யாரும் சாகவில்லை," என்றார் ஹேமந்த், ஏமாற்றத்தோடு.

சரஸ்வதிபுரத்தில் ஒரு கார் ஷெட்தான் கல்லறை வாசல். சுவரெல்லாம் கறுப்பு, மூலையில் பிளைவுட் சவப்பெட்டி, அதற்குள் ஒயர்கள். பறை ஒரு ஆணியில் தொங்கியது. மரச்சட்டத்தின் பின்பக்கம்தான் பார்வைக்குத் தெரிந்தது. தோல் சுவரைப் பார்த்திருந்தது.

"எப்பவும் இப்படித்தான் மாட்டுவீங்களா?" என்று கேட்டாள் நிர்மலா.

"ஆமாங்க, தூசி படாதுங்க." மாரிசாமி கதவோரம் நின்றார். சட்டையில் சிமெண்டுக் கறை போகவில்லை. "இந்தப் பாட்டுக்காக மேஸ்திரிகிட்ட வேலையை விட்டுட்டு வந்தனுங்க. நானே என் பறையைக் கிழிப்பனுங்களா? போலீசுன்னு வேற சொல்றாரு. ஊருல பொண்டாட்டி புள்ளைங்க மூஞ்சியில எப்படிங்க முழிக்கறது?"

"சும்னே நாடகம் ஆடாதே குரு," என்றான் கிரண், யாரையும் 'குரு' என்றே கூப்பிடும் மைசூர்க் கன்னடம் கலந்து, கிடார் கம்பியை முறுக்கியபடி.

"கிரண்தான்," என்று குப்புசாமி நிர்மலாவின் காதில் ஓதினார். "பொறாமை."

நிர்மலா பறையைக் கழற்றித் திருப்பினாள். பிளேடால் இழுத்த ஒரே கோடு. மறுபடி மாட்டாமல், கீபோர்டருகே நின்ற சோனியாவிடம் நீட்டினாள். சோனியா வாங்கிப் பார்த்து, "ஐயோ பாவம்," என்று கிரணிடம் கொடுத்தாள். கிரண் அதைத் தொடைமேல் சாய்த்துக்கொண்டு கம்பியை முறுக்குவதைத் தொடர்ந்தான். பிறகு நிர்மலா அதை வாங்கி ஹேமந்திடம் நீட்டினாள். அவர் இரண்டடி பின்னால் போய் சவப்பெட்டியில் இடித்துக்கொண்டார்.

"எல்லாரும் உட்காருங்க," என்றாள் நிர்மலா. "கிழிச்சவர், ஆணியிலிருந்து பறையைக் கையால எடுத்துத் திருப்பித்தான் கிழிச்சிருக்கணும். அப்புறம் பழையபடியே மாட்டியிருக்கார். மாமா, காலையில நம்ம ஆபீசுக்கு வந்தவரோட அங்கி எப்படி இருந்தது?"

"சொட்டச் சொட்ட. வேர்வைன்னு சொன்னாரே."

"பவுடர்?"

"அது நல்லாத்தான்..." குப்புசாமி நிறுத்தினார். "அட! வேர்த்திருந்தா முதல்ல முகம்தானே வழிஞ்சிருக்கும்?"

"வழியலை. அப்போ முதல்ல நனைஞ்சார், அப்புறம்தான் பூசினார். சரி, குளிச்சார்னு வைங்க. அழுக்குப் போகக் குளிக்கிறவர் உடுப்பைக் கழற்றிட்டுக் குளிப்பார். இவர் அங்கியோட, தோல் பட்டையோட தலைக்குக் குளிச்சிருக்கார். உடுத்தினது உடுத்தினபடி எதுக்குக் குளிப்போம்?"

குப்புசாமி எழுந்தே நின்றுவிட்டார். "தீட்டுக்கு! சாவுத் தீட்டுக்கு!"

"யாரும் சாகலைன்னு அவரே சொன்னார். அப்போ எதைத் தொட்டார்? சுவரைப் பார்த்துத் தொங்குற தோல் கிழிஞ்சது, பறையைத் தொடாதவருக்கு எப்படித் தெரியும்? இந்த அறையில பறையைத் தொட்டா யாருக்குக் குளிக்கத் தோணும்? சோனியா வாங்கினா. கிரண் மடியிலேயே வெச்சுக்கிட்டார். மாரிசாமிக்கு அது தொழில். பதினைஞ்சு வருஷமா மரணத்தைப் பாடுற ஒருத்தருக்குத்தான் மரணம்னா இவ்வளவு பயம்."

ஹேமந்தின் பவுடரில் அன்றைக்கு முதல் தடவையாக ஒரு கோடு இறங்கியது. இது அசல் வேர்வை.

"பம்பாய்க்காரன் போனில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை," என்றார். அடித்தொண்டை காணாமல் போயிருந்தது. "அந்த மேளக்காரரை முன்னால் நிறுத்துங்கள் என்றான். என் குழுவில், என்னைப் பின்னால் நிறுத்தச் சொல்கிறான்!"

மாரிசாமி பறையை வாங்கிக்கொண்டார். கிழிசலை விரலால் தடவினார். "இது சாவுக்கு அடிக்கறது இல்லீங்க. அது வேற, ஊரைத் தாண்டாது. இது மாரியம்மன் நோம்பிக்கு அடிக்கறது. முந்நூறு பொணம்னு போஸ்டருல போட்டது அவருதாங்க."

கிரண் வாய்விட்டுச் சிரித்தான். "உன் பொய்க்கு நீயே ஸ்நானம் பண்ணியா குரு?"

மாரிசாமி சிரிக்கவில்லை. "அம்மா, ஒண்ணு கேக்கறனுங்க. அவரு சாவுக்குப் பயந்து குளிச்சாருங்களா, நான் தொட்டதுன்னு குளிச்சாருங்களா?"

நிர்மலா ஹேமந்தைப் பார்த்தாள். ஹேமந்த் தரையைப் பார்த்தார். துப்பறிய அதற்குமேல் ஒன்றும் இருக்கவில்லை.

"போலீஸ்னு இனி வாயைத் திறந்தீங்கன்னா, முதல் சாட்சி நான்," என்றாள் அவள்.

வெளியே கார் நிற்கும் சத்தம். கம்பெனிக்காரர் முன்னதாகவே வந்துவிட்டார். ஹேமந்த் பாய்ந்து பவுடர் டப்பாவைத் திறந்தார். "சோனியா, கீபோர்டில் அந்தக் கட்டையை அழுத்து. போன வாரம் ஒத்திகையில் பதித்தாயே, அவன் அடித்தது. அது போதும்."

சோனியா மாரிசாமியைப் பார்க்காமல் நிர்மலாவிடம் சொன்னாள்: "இந்த சான்ஸ் போச்சுன்னா அப்பா என்னைக் கம்ப்யூட்டர் கிளாஸ்ல தள்ளிடுவார், மேடம்." கிரண் சிரிப்பை நிறுத்தி, கிடாரை மாட்டிக்கொண்டான். நியாயத்தைப் பற்றி அவனிடம் கருத்து இருந்திருக்கலாம். அன்று அதற்கு நேரமில்லை.

கட்டை அழுந்தியது. ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து மாரிசாமியின் பறை அதிர்ந்தது.

கம்பெனிக்காரர் வாசலில் பறையும் கையுமாக நின்ற சிமெண்டுச் சட்டைக்காரரைக் கவனிக்காமலே தாண்டி உள்ளே போய், "எங்கே உங்கள் மேளக்காரர்?" என்று கேட்டார்.

"ஊரில் ஒரு சாவு," என்றார் ஹேமந்த், மீண்டும் அடித்தொண்டையில். "பறையோடு போய்விட்டார்."

"நிஜமான சாவா? அற்புதம்!"

மாரிசாமியோடு வாசலில் நின்ற நிர்மலா, உண்மையைச் சொல்ல உள்ளே போகத் திரும்பினாள். மாரிசாமி கையைக் குறுக்கே நீட்டித் தடுத்தார். "விடுங்கம்மா. அவங்ககூட நின்னு இனி என்னத்தை அடிக்கறது?" பிறகு தலையைச் சாய்த்து, பெட்டி ஒரு சுற்று அடித்து முடிக்கும்வரை கேட்டார்.

"கடைசி அடி பிசகியிருக்குதுங்க. அன்னிக்குக் கை வழுக்கிருச்சு," என்றார். கிழிந்த பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.

உள்ளே அந்தப் பிசகிய அடி மறுபடி விழுந்தது, மறுபடியும் விழுந்தது. ஒவ்வொரு தடவையும் கம்பெனிக்காரர் கண்ணை மூடித் தலையாட்டினார்.